நாற்பத்தைந்து பிள்ளைகள்

கணக்கெடுப்பு வேலையில் சேரும்போது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தேன். வாசலில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன், சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன் என்று. இரண்டாவதை அந்த ஜூன் மாதமே மீறினேன். முதலாவதை இப்போது மீறுகிறேன். பிடித்துக்கொண்டு போவதானால் போகட்டும்.

எங்கள் லாக்-ரோஷேயில் மரம் அறுக்கும் ஆலை ஒன்று, மாதா கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் இரண்டு. ஒன்று ஆங்கிலப் பள்ளி, ஒன்று பிரெஞ்சுப் பள்ளி. கனடாவில், ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோ மாகாணத்தில், பிரெஞ்சு பேசுகிறவர்களாகப் பிறந்தால் எதையும் கெஞ்சித்தான் வாங்க வேண்டும், வாங்கியதை வருஷா வருஷம் காபந்து பண்ண வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் முப்பத்தொரு பிள்ளைகள். அதில் என் மகள் ஸோயேயும் ஒருத்தி, எட்டு வயது. 2020 கடைசியில் பள்ளி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: ஊரில் போதிய பிள்ளைகள் இல்லை, பள்ளியை மூடிவிட்டு எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் பேருந்து விடுகிறோம் என்று. மைனஸ் முப்பத்தைந்தில், விடியுமுன்னே, எட்டு வயதுப் பிள்ளை. கடிதம் எழுதியவனைக் கொண்டுவந்து அந்தப் பேருந்தில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

பிள்ளைகள் இல்லாமலா? ஆங்கிலப் பள்ளியில் பாதிப் பேர் எங்கள் பிள்ளைகள்தான். சட்டம் எளிது. அப்பாவோ அம்மாவோ இந்த நாட்டில் ஆரம்பப் பள்ளியைப் பிரெஞ்சில் படித்திருந்தால், அவர்கள் பிள்ளைக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கு உரிமை உண்டு. வீட்டில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்பது பேச்சே இல்லை. ஆனால் அதுவரை கணக்கெடுப்பில் தாய்மொழியைத்தான் கேட்டார்கள், எங்கே எந்த மொழியில் படித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. 2021இல்தான் முதல்முறையாக அந்தக் கேள்வி படிவத்தில் ஏறியது. வாரியமும் இறங்கி வந்தது. கணக்கெடுப்பில் உரிமையுள்ள பிள்ளைகள் நாற்பத்தைந்து பேர் தேறினால் பள்ளி நிற்கும் என்றது.

"நீ அந்த வேலைக்கு மனு போடுடி ஒடில்," என்றாள் தலைமையாசிரியை லிஸெட். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். "இந்த ஊர்ல யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் திட்டு வாங்காம திரும்பி வர்றவ நீ ஒருத்திதான்."

"நான் முந்திக்கிட்டுத் திட்டிடுவேன், அதான்."

"அதுவும் ஒரு தகுதிதான் போ."

மே மாதமே இணையத்தில் நிரப்பி அனுப்பியவர்கள் போக, அனுப்பாத வீடுகள் என் பங்கு. கறுப்பு ஈ பிடுங்கும் ஜூனில், கொரோனாவுக்கு முகமூடி கட்டிக்கொண்டு, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கத்திக் கத்திக் கேட்டேன். ஏழு வருஷம் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சில் படித்த ரேழான், "எதுக்கு வம்பு, இங்கிலீஷ்னே போடு" என்றான். நான் கேள்வியைத் திரும்ப வாசித்த தொனியில் அவனுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. யோசனை சொல்லக் கூடாது என்பதுதான் விதி. தொனியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

லிஸெட்டும் நானும் ஊரை வீடு வீடாக விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டோம். நாற்பத்து மூன்று வந்தது. எப்படிப் போட்டாலும் நாற்பத்து மூன்று. மிச்சம் இருந்தது ஒரே வீடு, ஏரிக்கரையில் ஓமெர் பபாத்தி வீடு.

ஓமெர் அனிஷினாபே என்ற பழங்குடி ஆள். கியூபெக் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாக எங்கள் ஊரில் மோட்டார் மெக்கானிக். மனைவி சிண்டி இந்தப் பக்கத்துக்காரி, ஆங்கிலத்தில் படித்தவள். பெண்கள் இருவர், கியானாவும் ஷேலீனும், ஒன்பதும் ஏழும். இருவரும் ஆங்கிலப் பள்ளியில். ஆனால் ஓமெர் என்னிடம் பேசுவது பிரெஞ்சு, அதுவும் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை பட்டறையில் கேட்டதற்கு, "கன்னியாஸ்திரிங்ககிட்ட" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். எங்கள் பிரெஞ்சைவிட உங்கள் பிரெஞ்சு சுத்தம் என்று நான் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் பிரெஞ்சில் படித்தவர். அப்படியானால் அவர் பெண்கள் இருவருக்கும் உரிமை உண்டு. நாற்பத்து மூன்றும் இரண்டும் நாற்பத்தைந்து. பாதையெல்லாம் இதையே முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

முற்றத்தில் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். அது மேற்கே, பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கிவந்து அரசாங்கமும் சபையும் அடைத்து வைத்த பழைய விடுதிப் பள்ளி ஒன்றின் நிலத்தில், அந்தப் பிள்ளைகளின் பெயர் தெரியாத புதைகுழிகள் பற்றிய செய்தி வந்து பத்து நாளான நேரம். எங்கள் மாதா கோயில் படியிலும் யாரோ அந்தப் பிள்ளைகள் நினைவாகச் சின்னச் சின்னக் காலணிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வரும் வழியில் நான் அதைக் கடந்துதான் வந்தேன். அதையும் கையில் இருந்த படிவத்தையும் சேர்த்துப் பார்க்க என் மூளைக்குத் தோன்றவில்லை. அடிபட்டவர்கள் என்றால் அது நாங்கள்தான் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்துப் பழகியவள் நான்.

"வீட்ல எத்தனை பேரு ஓமெர்?"

"நாலு. நாயைச் சேத்தா அஞ்சு. அதுக்கு மூணு பாஷை தெரியும் மேடம், எதுல கூப்பிட்டாலும் வராது. அதையும் எழுதிக்குங்க."

சிரித்துக்கொண்டே பெயர், வயது எல்லாம் எழுதினேன். பிறகு அந்தக் கேள்வியை வாசித்தேன். கனடாவில் ஆரம்பப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ பிரெஞ்சில் படித்தது உண்டா?

"இல்ல," என்றார்.

"சரியா காதுல விழலையோ. திரும்பப் படிக்கிறேன்."

"விழுந்துச்சு. இல்ல."

"ஓமெர், நீங்கதானே சொன்னீங்க, கன்னியாஸ்திரிங்ககிட்ட..."

ஸ்பேனரைக் கீழே வைத்தார். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அஞ்சு வயசுல படகுல ஏத்திட்டுப் போனாங்க மேடம். நாலு வருஷம். முட்டி போட்டுத் தரை துடைக்கப் படிச்சேன். ராத்திரி சத்தம் வராம அழப் படிச்சேன். எங்க பாஷையில அக்காவைக் கூப்பிட்டேன்னு வாய்க்குள்ள சோப்பை வெச்சு அடைச்சாங்க. அன்னிக்கு வந்த பிரெஞ்சுதான் நீங்க சுத்தமா இருக்குன்னீங்களே, அது."

வாயை மூடிக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது. "உங்க பொண்ணுங்களுக்கு உரிமை வரும் ஓமெர்," என்றேன்.

"என்ன உரிமை? எங்கம்மா பேசுன பாஷையில படிக்கவா?"

"இல்ல... பிரெஞ்சுல."

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அது சரி. என் வாயில சோப்பு வெச்சதுக்கு என் பொண்ணுங்களுக்குப் பரிசு."

"நம்ம ஸ்கூல மூடப் போறாங்க. ரெண்டு பிள்ளைங்க இருந்தா நிக்கும்."

"தெரியும். ஊரே பேசுது. நிக்கட்டும், நல்லா இருக்கட்டும், உங்க பொண்ணு படிக்கட்டும். என் பொண்ணுங்களை அந்தக் கணக்குல எண்ணாதீங்க." ஸ்பேனரைத் திரும்பக் கையில் எடுத்தார். "எங்க அக்கா எலீஸும் நானும் ஒண்ணாத்தான் போனோம். நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். அதுக்குப் பேரு ஸ்கூல் இல்ல. என்னைக் கேட்டீங்க, நான் இல்லன்னு சொல்லிட்டேன். எழுதுங்க."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, 'இல்லை' என்ற கட்டத்தில் கறுப்பு மையால் குறித்தேன். கிட்டே வந்து, எட்டிப் பார்த்து, தலையசைத்தார்.

வண்டியை ஏரிப் பாதையின் திருப்பத்தில் நிறுத்தினேன். கால் மணி நேரம் இருக்கும். ஸோயே பேருந்து ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குவது மாதிரி ஒரு காட்சி வந்துகொண்டே இருந்தது. பையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். எல்லாவற்றையும் அப்படியே பார்த்து எழுதினேன், அந்த ஒரு கேள்வியைத் தவிர. பிரெஞ்சில் படித்தாரா: ஆம். எத்தனை வருஷம்: நான்கு. பொய்யில்லையே, நடந்ததைத்தானே எழுதுகிறேன் என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். பழைய படிவம் அன்று மாலை எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது. எரியும்போது ஸோயே பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள், பிரெஞ்சில்.

அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில் எண்கள் வெளியாயின. லாக்-ரோஷே: நாற்பத்தைந்து. லிஸெட் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். வாரியம் வாய் பேசாமல் கையெழுத்துப் போட்டது. கேக் வெட்டினோம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

ஒரு வாரம் கழித்து லிஸெட்தான் போகிறபோக்கில் சொன்னாள். "உனக்குத் தெரியுமாடி, சின்ன ஊருங்க எண்ணிக்கையை அப்படியே போட மாட்டாங்களாம். யார் எவருன்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு, அஞ்சு அஞ்சா மேலயோ கீழயோ தள்ளித்தான் போடுவாங்களாம். நாப்பத்தி மூணா இருந்திருந்தாலும் நாப்பத்தஞ்சுன்னு வந்திருக்கலாம்."

"நாப்பதுன்னும் வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? அதான் வந்துடுச்சே, விடு."

நான் செய்தது பள்ளியைக் காப்பாற்றியதா, இல்லை சும்மா ஒரு மனிதனின் வாய்ச்சொல்லை அடுப்பில் போட்டதுதானா என்று எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. காப்பாற்றியது என்று தெரிந்தாலாவது கொஞ்சம் தூங்குவேன்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் நான் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடைக்கு ஓமெர் வந்தார். பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு, கல்லா மேல் லிஸெட் ஒட்டியிருந்த நோட்டீஸை நின்று படித்தார். நாற்பத்தைந்து பிள்ளைகள், நம் பள்ளி நிற்கிறது என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நல்ல விஷயம்," என்றார். "இதுல என் பொண்ணுங்க இல்லையே?"

"இல்ல."

அவ்வளவு சுலபமாக வந்தது.

"தெரியும். நீங்க எழுதினப்ப நான் பாத்தேனே." கோட்டுக்குள்ளிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். பிக்கரெல் மீன், அன்று காலை பனியில் துளை போட்டுப் பிடித்தது. "ரொம்ப நாளா குடுக்கணும்னு நெனச்சேன் மேடம். படகுல ஏத்துனப்ப என் பேரை மாத்தி எழுதினாங்க. அக்கா காய்ச்சல்ல போனான்னு எழுதினாங்க. அம்மா சம்மதம் குடுத்தான்னு எழுதினாங்க, அவளுக்கு ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது. அரசாங்கக் காகிதத்தோட வந்து, நான் சொன்னதை நான் சொன்னபடியே எழுதுனது நீங்க ஒருத்தர்தான். அதுவும் உங்களுக்கு நஷ்டம்னு தெரிஞ்சே எழுதினீங்க. சிண்டிகிட்ட அன்னிக்கே சொன்னேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கும் அந்த ஒரு நல்ல ஆளும் இல்லாமல் போய்விடுவாள், அது பாவம் என்று உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி. இரண்டு கையாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.