ஹமீதாவின் அலுமாரி

ஒலிபெருக்கி கட்டிய வாகனம் மன்னார் நகரத்து உப்புக்குளத்துக்குள் நுழைந்த நேரம் சந்தியோகு தன் பழைய ஒஸ்ரின் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். எழுபதைத் தொடப்போகிற வயது. ஆனாலும் அந்தக் காருக்குக் கீழே இன்னொருவன் தலையை நீட்ட அவர் விட்டதில்லை. முஸ்லிம் மக்கள் எல்லோரும் சில நாட்களுக்குள் மன்னாரை விட்டு வெளியேற வேண்டும், போகுமுன் இயக்கத்தின் கந்தோரில் பெயர் பதிந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டு போனது. மன்னாரைத் துப்பாக்கியோடு ஆண்டுகொண்டிருந்த தமிழ் இயக்கத்தின் குரல் அது. கேட்டது சரிதானா என்று அவருக்குச் சந்தேகம். ஊர்ந்து வெளியே வந்து, கிறீஸ் அப்பிய கையோடு தெருவில் நின்றார். குரல் அதையே மறுபடி சொன்னது. சந்தைக்கு நேரம் மாற்றியதை அறிவிக்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னது. ஏன் என்று மட்டும் சொல்லவில்லை.

அது 1990, ஐப்பசி மாதம்.

ஊரில் சந்தியோகுவுக்குப் பெயர் பட்டாளத்தார். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரனின் படையில் சேர்ந்து எகிப்திலும் லிபியாவிலும், பிறகு இத்தாலியிலும் லொறி ஓட்டியவர். அதே லொறியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து மாறி மாறி ஓட்டியவர் உப்புக்குளத்து ஜமால்தீன். மூன்று வருடம் இருவருக்கும் ஒரே லொறி, ஒரே தண்ணீர்க் கான், குளிருக்கு ஒரே கம்பளி. உயிரோடு திரும்பி வந்து ஜமால்தீன் புடவைக்கடை போட்டார். சந்தியோகு வாடகைக்கார் எடுத்தார். அந்தக் கார் பெயருக்குத்தான் வாடகைக்கார். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, கிணற்றில் விழுந்த பிள்ளை என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஓட்டங்களுக்கு அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு கரையில் ஒதுங்கிய முகந்தெரியாத உடல்களை ஜமால்தீனும் அவரும்தான் தூக்கினார்கள். எவர் எந்தச் சமயம் என்று தெரியாமல், ஒருவர் செபமும் மற்றவர் துஆவும் சொல்லிப் புதைத்தார்கள்.

அப்படிப்பட்ட ஜமால்தீனை வீட்டை விட்டுப் போகச் சொல்லுகிறது ஒரு ஒலிபெருக்கி.

சந்தியோகு கையைக் கழுவிக்கொண்டு தன் கிறிஸ்தவக் கோவில் சபைக்காரர்கள் வீடுகளுக்குப் போனார். ஐந்து பேர் வருகிறோம் என்றார்கள். இரண்டு பேர் வந்தார்கள். இயக்கத்தின் கந்தோரில் இருந்த பொறுப்பாளருக்கு முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று கதிரை காட்டினான். சந்தியோகு இருக்கவில்லை.

"ஐயா, இது மேலிடத்து முடிவு. நாங்கள் ஒண்டும் செய்யேலாது," என்றான்.

"என்ன காரணம் எண்டாவது சொல்லுங்கோ."

"பாதுகாப்புக் காரணம்."

"ஜமால்தீனுக்கு ஒரு கண் தெரியாது. நாரிப்பிடிப்பிலை நிமிரவும் ஏலாது. அவனாலை உங்களுக்கு என்ன ஆபத்து?"

அவன் சிரித்தான். "நீங்கள் வெள்ளைக்காரனுக்காண்டி சண்டைக்குப் போனனீங்கள். உங்களுக்கு எங்கடை போராட்டம் விளங்காது."

சந்தியோகு மேசையில் கையூன்றிக் குனிந்தார். "ஓம், வெள்ளைக்காரனுக்குத்தான் லொறி ஓடினனான். அங்கை ஊர் ஊராச் சனத்தைக் கலைச்சதைக் கண்ணாலை பாத்தனான். கலைச்சவன் எல்லாம் பாதுகாப்புக் காரணம் எண்டுதான் சொன்னவன். தம்பி, சனத்தை வீட்டாலை கலைக்கிறவன் எந்தக் கொடி பிடிச்சாலும் எனக்கு ஒரே ஆள்தான்."

கூட வந்தவர்களில் ஒருவர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். வயதுக்கு மரியாதை கொடுத்து அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மரியாதைதான் அவரை இன்னும் எரித்தது.

கடைசி இரண்டு நாளும் மழை விடாமல் பெய்தது. கல்பிட்டிப் பக்கம் போகும் வள்ளங்களுக்காகச் சனம் கரையில் நனைந்தபடி நின்றது. பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய ஒஸ்ரினில், நடக்கமாட்டாதவர்களைச் சந்தியோகு கரைக்கு ஏற்றி இறக்கினார். கரைக்குப் போகிற வழியில் இயக்கத்து ஆட்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். கைருன்னிசா என்ற கைம்பெண்ணின் தையல் மெசினை இறக்கி வைத்தார்கள். தோடு இருக்கிறதா என்று பிள்ளைகளின் காதுகளைத் தொட்டுப் பார்த்தார்கள். சந்தியோகு ஒவ்வொரு தடவையும் காரை நிற்பாட்டி இறங்கிச் சத்தம் போட்டார். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த பெண்கள்தான், "விடுங்கோ மாமா, எங்களைப் போக விடுங்கோ," என்று கெஞ்சினார்கள்.

கடைசி ஓட்டத்தில் ஜமால்தீன் முன் இருக்கையில் இருந்தார். மகள் ஹமீதா தன் இரண்டு பிள்ளைகளோடு பின்னால். அவளுடைய புருஷன் வஸீர் சவூதியில் வேலை. இங்கே நடப்பது அவனுக்குத் தெரியாது.

"வீட்டை ஒருக்காப் பாத்துக்கொள்ளு மச்சான்," என்றார் ஜமால்தீன்.

"பாப்பன். நீ யோசிக்காதை."

அவரால் பார்க்க முடிந்தது மூன்று நாள்தான். நாலாம் நாள் இயக்கத்தின் உழவு இயந்திரங்கள் இழுவைப் பெட்டியோடு சாமான் ஏற்ற வந்தன. ஜமால்தீன் வீட்டுப் படலைக்குக் குறுக்கே சந்தியோகு கையை விரித்து நின்றார். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்து அவரைத் தூக்கித் தெருவின் மறுபக்கத்தில் இறக்கி வைத்தார்கள். அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. கட்டில் போனது, கதிரைகள் போயின, மாவிடிக்கிற உரலும் போனது. தெருவில் மிச்சமிருந்த கிறிஸ்தவ வீடுகளின் யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகாத ஆள் அந்த வீடுகளில் இல்லை. ஒருத்தரும் வெளியே வரவில்லை.

"ஏன் இப்பிடி ஆடுறியள்? எங்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கு," என்று மனைவி மாக்கிறட் அழுதாள். "நீங்கள் ஒரு ஆள் என்ன செய்யேலும்?"

சந்தியோகு எழுந்து போய், திறந்து கிடந்த ஜமால்தீன் வீட்டுப் படலையைக் கொளுவிவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் பங்குனியில் பேத்திக்கு முதல் நன்மை, முதல்முறை நற்கருணை வாங்கும் நாள். மகள் அன்ரோனெற் பெருநிலத்து அடம்பனில் பஸ்ரியனைக் கட்டியிருந்தாள். பஸ்ரியன் வயல்காரன், கடும் உழைப்பாளி, மாமா மாமா என்று உயிரை விடுகிறவன். அதற்குள் மன்னார்த் தீவு இராணுவத்திடம், அடம்பன் இயக்கத்திடம். சந்தியோகுவும் மாக்கிறட்டும் வழிநெடுக இரண்டு பக்கத்தாரிடமும் பெயர் சொல்லி, பை காட்டி, ஒரு பகல் முழுக்க அலைந்து போய்ச் சேர்ந்தார்கள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகப் பேத்தி, "அம்மப்பா, கண்ணாடியிலை என்னைப் பாக்க வாங்கோ," என்று கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனாள்.

அறையில் ஒரு முதிரை மரத்து அலுமாரி. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியின் இடது கீழ்மூலை உடைந்து, மெழுகு வைத்து அடைத்திருந்தது.

அந்த மூலையை உடைத்தவரே சந்தியோகுதான். ஹமீதாவின் கலியாணத்துக்கு ஜமால்தீன் செய்வித்த அலுமாரி அது. கண்ணாடியை வவுனியாவிலிருந்து ஒஸ்ரினில் போர்வை சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்து, மன்னார்த் தெருவில் படுத்துக் கிடந்த கழுதைக்காகச் சடாரென்று பிறேக் அடித்ததில் மூலை போய்விட்டது. ஹமீதா அதற்கு மெழுகு வைத்து, "மாமான்ரை அடையாளம்," என்று சொல்லிச் சிரித்தவள்.

விருந்துக்கு வந்தவர்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். சந்தியோகு அறையை விட்டு வந்து பஸ்ரியனைக் கூப்பிட்டார்.

"இந்த அலுமாரி எங்கை எடுத்தனீங்கள்?"

பஸ்ரியனின் முகம் மாறியது. "இயக்கத்தின்ரை கடையிலை வித்தவங்கள் மாமா. களவெடுக்கேல்லை. காசு குடுத்து ரசீதுத் துண்டோடை வாங்கினது."

"ஆரின்ரை சாமான் எண்டு தெரியுமோ?"

"அது… முஸ்லிம் ஆக்கள் விட்டிட்டுப் போனது."

"விட்டிட்டுப் போகேல்லை," என்றார் சந்தியோகு. குரல் பந்தல்வரை கேட்டது. "கலைச்சவங்கள். மழையிலை, பிள்ளையின்ரை காதைத் தடவிப் பாத்துக் கலைச்சவங்கள். நான்தான் ஏத்திக்கொண்டு போய் விட்டனான். இது ஹமீதாவின்ரை அலுமாரி."

"நான் எடுக்காட்டில் வேறை ஆரும் எடுத்திருப்பினம் மாமா."

"எடுக்கட்டும். அவன் என்ரை மருமகன் இல்லை."

அன்ரோனெற் ஓடி வந்தாள். "அப்பா, இண்டைக்குப் பிள்ளையின்ரை நாள். சனம் பாக்குது. பிறகு கதைப்பம், வந்து சாப்பிடுங்கோ."

"கலைச்சவனிட்டை எனக்கு ஒரு கோபம்தான் மோனை. யன்னலைச் சாத்தினவையிட்டை அதைவிடக் கோபம். இதுக்கு என்ன செய்யிறது? என்ரை பிள்ளையே உள்ளுக்குச் சீலை அடுக்கி வைச்சிருக்கிறாய்."

அன்ரோனெற் நின்ற நிலையில் அழத் தொடங்கினாள். மாமனை வாயடைக்கச் சொல்லி மாமியாவது பேசுவாள் என்று பஸ்ரியன் மாக்கிறட்டைப் பார்த்தான். மாக்கிறட் அறைக்குள் போனாள். அலுமாரியைத் திறந்தாள். சீலைகள், பஸ்ரியனின் வேட்டிகள், பிள்ளையின் சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் குவித்தாள். கடைசித் தட்டும் வெறுமையான பிறகு கதவைச் சாத்தினாள்.

"இனி இதைத் திறக்காதை பிள்ளை," என்றாள் மகளிடம். "ஹமீதாவின்ரை ரெண்டு பிள்ளைப்பேறுக்கும் நான்தான் பக்கத்திலை நிண்டனான். எனக்கும் அப்ப வாய் வரேல்லை."

அன்று அவர்கள் இருவரும் சாப்பிடாமலே திரும்பினார்கள். அலுமாரியை மன்னார்த் தீவுக்குக் கொண்டு போக எந்தப் பக்கமும் விடாது. பஸ்ரியன் அதை நெல் வைக்கும் அறைக்குள் தள்ளிச் சாக்கால் மூடினான். அதற்குப் பிறகு நெடுநாள் மாமனோடு அவன் பேசவில்லை.

பாதை திறந்த முதல் மாதமே சந்தியோகு, உப்புக்குளத்துச் சனம் அகதியாக ஒதுங்கியிருந்த புத்தளத்துக்குப் போனார். உப்புவெளிக்குப் பக்கத்தில் கிடுகுக் கொட்டில்கள் வரிசை வரிசையாக நின்றன. தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. இத்தாலியில் லொறியை நிறுத்திப் பார்த்த முகாம்கள் இதைவிட மோசமில்லை என்று நினைத்தார். ஜமால்தீன் பாயில் கிடந்தார். சந்தியோகு சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். யாருடைய வீட்டில் என்பதையும் சொன்னார்.

ஜமால்தீன் பாயில் ஒருக்களித்துத் திரும்பினார்.

"இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீ?" என்றார். "நான் என்ன சொல்லவேணும்? பறவாயில்லை எண்டோ? எனக்குச் சொல்ல வருதில்லை மச்சான்."

"சொல்ல வேண்டாம்."

தேத்தண்ணி கொண்டுவந்த ஹமீதா கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு அலுமாரி வேண்டாம் மாமா. நாங்கள் கரைக்குப் போகேக்கை தெருவிலை ஒருத்தரும் வந்து நிக்கேல்லை. போகாதேங்கோ எண்டு ஒரு வாய் சொல்லேல்லை. நாங்கள் என்ன செய்தனாங்கள் அவைக்கு?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை," என்றார் சந்தியோகு. "இதை நான் அங்கை போய்க் கேக்கிறன்."

கேட்டார். சாமான்கள் வந்து சேர்ந்த அடம்பனிலேயே, கோவிலில் பூசை முடிவில் பேச அனுமதி கேட்டதற்குப் பாதர், "அரசியல் வேண்டாம் ஐயா, சனம் பயப்படுது," என்றார். சந்தியோகு வெளியே வந்து வாசலில் நின்றார். சனம் இறங்கி வந்தது.

"என்ரை மகள் வீட்டிலை ஜமால்தீன் குடும்பத்தின்ரை அலுமாரி இருக்கு," என்றார். "உங்கடை வீடுகளிலை என்ன இருக்கு? போய்ப் பாருங்கோ. யேசுவின்ரை உடலை வாங்கின வாயாலை அவையின்ரை தட்டிலை சாப்பிடாதேங்கோ."

பலர் கேட்காததுபோலச் சைக்கிளை எடுத்தார்கள். பட்டாளத்தாருக்கு வயது போய்விட்டது என்று ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். பஸ்ரியன் மதிலோரம் தலை குனிந்து நின்றான். ஆனால் போய்விடவில்லை. அன்ரோனெற் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அடுத்த கிழமை ஒரு பெண், பெற்றிசியா என்று பெயர், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சந்தியோகு தங்கியிருந்த அன்ரோனெற் வீட்டுக்கு வந்தாள். தன்னிடம் ஒரு தையல் மெசின் இருக்கிறது, யாருடையது என்று தெரியாது, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள்.

சந்தியோகு எழுந்து பேத்தியின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தார்.

"என்னட்டைச் சொல்லிப் பாவம் கழுவேலாது பிள்ளை," என்றார். "நான் பாதரும் இல்லை. கைருன்னிசா எண்ட ஒருத்தியின்ரை மெசினை இறக்கினதை நான் கண்டனான். அவைக்கு நீங்களே எழுதிச் சொல்லுங்கோ."

புத்தளம் முகாமின் விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் தயங்கினாள். அவர் கையை மடக்கவில்லை. கடைசியில் அவள் வாங்கிக்கொண்டு போனாள்.