நாலு கட்டையில் நெவில் இல்லை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு விலகல் கடிதம். எங்கள் யார்க்ஷயர் ஊரின் நாட்டுப்பாடல் குழுவில் பத்தொன்பது வருடமாக மெலோடியன் என்னும் துருத்திப் பெட்டி வாசிக்கிற நெவில், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மண்டபச் சமையலறையில் அதை என்னிடம் நீட்டினான். "பிழை இருக்கா பாரு." எழுத்தில் பிழை இல்லை. காரணத்தில்தான் பிழை. அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லாததால் கதை எழுதுகிறேன்.

முதல் தொடக்கம் இது: "மலைச்சரிவில் பனிமூட்டம் கவிந்திருந்த அந்த மாலையில், யாரோ" (விட்டுவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

2

நடந்தது இது. ஏழு மணிக்குக் கச்சேரி. நாலரைக்கு ஒத்திகை. நெவில் வழக்கம்போல் ஐந்து கட்டைச் சுருதியில் பெட்டியை இழுத்தான். மற்ற மூவரும் நாலில் தொடங்கினார்கள்.

"என்ன கண்றாவி இது?"

"நாலு கட்டைக்கு இறக்கிட்டோம். வியாழக்கிழமை நீ வரலையே," என்றாள் ஃபிடில் வாசிக்கும் ஜூடித்.

"என் பெட்டியில ரெண்டும் அஞ்சும்தான் இருக்கு. நாலுக்குப் பொத்தானே கிடையாது. ஒரு போன் பண்ணக் கூடவா முடியலை?"

"டிராம்போனுக்கு அதுதான் வசதி," என்றாள் பாடகி ஹெஸ்டர்.

ஜனவரியில் குழுவில் சேர்ந்த டாம்சின், டிராம்போன் என்கிற தன் நீண்ட பித்தளை ஊதுகுழலைத் தாழ்த்தினாள். "நான் எதுல வேணும்னாலும்..." ஹெஸ்டர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினாள்.

"குழுவைப் புதுசாக்குறீங்க. ஆக்குங்க. பழைய சாமானை நானே தூக்கிட்டுப் போறேன்," என்றான் நெவில்.

3

(வேறு பெட்டி கிடைக்காதா என்று கேட்பீர்கள். நாலு கட்டைப் பெட்டி நெவில் வீட்டிலேயே இருக்கிறது. விரல்களைக்கூட மாற்ற வேண்டாம். காரில் போய்வர நாற்பது நிமிடம். "எனக்காக எடுத்துட்டு வா" என்று ஹெஸ்டர் கேட்டால் போதும்.

கேட்டால், ஏன் என்றும் சொல்ல வேண்டும். எங்கள் பாடல்களில் பல்லவியைச் சபையே சேர்ந்து பாடும். உச்சச் சுரம் வருவது அங்கேதான். இரண்டு வருடமாக அதை ஹெஸ்டர் பாடவில்லை; ஐந்து கட்டையில் அவள் குரல் அங்கே எட்டுவதில்லை. வாயைத் திறக்கிறாள், கூட்டம் பாடிவிடுகிறது. முன்வரிசையில் உட்காருகிற எனக்குத் தெரியும். இன்று வானொலிக்காரர்கள் வந்து அவள் உதட்டருகே தனி மைக் வைத்திருக்கிறார்கள்.)

4

ஹெஸ்டர் சமையலறைக்குள் வந்தாள். நான் கோப்பை கழுவுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"நெவில், அந்தப் பொண்ணு மேல கோபப்படாத."

"அவ மேல எனக்கென்ன கோபம்? நீ நேரா சொல்லியிருக்கலாம், ஹெஸ். 'போதும்பா, கெளம்பு'ன்னு. உன் மூச்சு எங்க முடியும்னு என் பெட்டிக்குத் தெரியும். அது தெரிஞ்ச ஆளுக்கு இதுதான் மரியாதையா?"

ஹெஸ்டர் அவன் முகத்தைப் பார்த்தாள். தெரிந்துவிட்டதா இவனுக்கு? (ஒரு வரைவில் அவனுக்கு எல்லாம் தெரியும் என்றே எழுதினேன். உடனே அவன் மகான் ஆகிவிட்டான். பிஸ்கட் டப்பாவைப் பூட்டி வைக்கிற ஆள் அவன். அடித்துவிட்டேன். அவனுக்குத் தெரியாது.)

ஒருமுறை சொல்லிவிட்டால் எல்லோரும் அன்பாகிவிடுவார்கள் என்று அவள் பயந்தாள். இன்று சுருதி இறங்கும். அடுத்த வருடம், "உனக்கு ஓய்வா இருக்கட்டும்" என்று ஓர் இளம்பெண்ணைக் கூட்டிவருவார்கள். டிராம்போன் வந்த கதவு அந்த இளம்பெண்ணுக்கும் திறந்தே இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தவளும் ஹெஸ்டர்தான்.

"என்ன சொல்ல வந்த?" என்றான் நெவில், கார் சாவியைத் தேடியபடி.

"ஒண்ணுமில்ல. வந்து..."

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

சொல்லிவிடுகிறாள், அவன் திட்டிக்கொண்டே பெட்டி எடுக்க ஓடுகிறான். எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே இதை நம்பவில்லை.

அவன் தங்க வேண்டும் என்பதற்காக ஐந்திலேயே பாடுகிறாள். மைக் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது.

அவன் போகிறான், நாலில் அவள் பிரமாதமாகப் பாடுகிறாள், "புது வடிவம்" என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். இதை எழுதி முடித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது மணி ஆறு. நெவில் ஒரு தோளில் பெட்டியோடு பின்கதவுக் கைப்பிடியைத் திருப்புகிறான். ஹெஸ்டரின் உதடு அசைகிறது. என் பக்கத்தில் குழாய் ஓடுகிறது, கேட்கவில்லை. குழாயை மூடுகிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

கதவுக்கு வெளியே நிற்பது நீங்கள். அவன் திறந்துவிடாதபடி ஒரு நிமிடம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.