சொந்த விருப்பத்தின் பேரில்

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் அவள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். மாடியில் இருந்த தமிழ் நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் 'ஆவி அக்கா'. நாள் முழுக்க நீராவி இயந்திரத்தோடு இருக்கிறாள் என்பது ஒரு காரணம். யார் கண்ணிலும் படாமல் காரியம் நடந்துவிடுகிறது என்பது இன்னொன்று. அதற்கு அவள் கோபப்பட்டதில்லை. பெயராவது வைத்தார்களே.

அந்தப் பிரிவை மூடிவிட்டு, வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப்போவதாக ஒரு திங்கட்கிழமை காலையில் சொன்னார்கள். பதினோரு பேருக்கு வேலை போயிற்று. மற்ற பத்துப் பேரும் அந்த நாட்டுக்காரர்கள், வேறு இடம் தேடிக்கொள்ளலாம். அவளுக்கு வேலை போனால் அங்கே தங்கும் அனுமதியும் போய்விடும். அறுபது நாள் தவணை. அந்த அனுமதியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் கணவரும் அங்கே இருந்தார். அவருடைய அடையாள அட்டையில் 'துணைவர்' என்று போட்டிருக்கும். அந்த அட்டையை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். இதை அவளுடைய அம்மாவிலிருந்து எதிர்வீட்டுக்காரி வரைக்கும் அவளிடம் ஏதோ பரிசு விழுந்த மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வந்த புதிதில் அவருடைய படிப்பு அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் அலைந்தார். பிறகு மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவரும் வேலையை எடுத்துக்கொண்டார். அதைக் குறை சொல்லாமல் செய்தார். மகள் வளர்ந்ததும் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். பதினான்கு வருடமாக அவர்தான் செயலாளர். ஊரே அவரை 'சார்' என்றது. சார் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. யாராவது கேட்டுவிட்டால் அவர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

வேலை போன செய்தியை அவள் வீட்டில் சொன்னபோது அவர் டிவியை அணைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

"போதும்னு தோணிடுச்சு தலைவரே. இனிமே நம்ம ஊருக்கு ஏதாவது செய்யணும். கிளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

சங்கத் தலைவரிடம் அவர் பேசியது சமையலறை வரைக்கும் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். முடிவு பண்ணினாராம். இவர் முடிவு பண்ணினாராம்.

வீட்டைக் காலி பண்ண உதவிக்கு என்று வேறு ஒரு நாட்டில் வேலை பார்க்கும் மகள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கப்பலில் இருபது பெட்டி அனுப்பலாம் என்று கணக்கு. மகள் வந்த அன்றைக்கே கூடத்தில் ஒன்பது பெட்டி கட்டித் தயாராக இருந்தது. 'செயலாளர் 1', 'செயலாளர் 2' என்று தடித்த பேனாவில் எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"அப்பாவுக்கு வந்த கேடயம், நற்சான்று, ஆல்பம்."

மகள் ஒரு ஆல்பத்தை உருவி எடுத்துப் புரட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். ஐந்தாவது ஆல்பம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். எதிலும் அம்மா இல்லை. சங்கத்து விழாக்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான் என்று அவள் மகளுக்கு விளக்கினாள். சொல்லும்போதே அவளுக்கு முகம் சுட்டது. அதுவரைக்கும் அவள் அந்த ஆல்பங்களை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

பாத்திரங்களைக் கட்டும்போது கிரைண்டருக்கு இடமில்லை என்றார் அவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வராத குறையாக அவள் கொண்டுவந்த கிரைண்டர். ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், கல்லைப் போய் யாராவது கப்பலில் ஏற்றுவார்களா என்றார்.

"கேடயமும் ஊர்ல கிடைக்கும்" என்றாள் அவள்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் 'செயலாளர் 7' பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் சோபாமேல் அடுக்கிவிட்டு, கிரைண்டரைப் போர்வையில் சுற்றி அதில் வைத்துக் கட்டினாள். மேலே இருந்த எழுத்தை அடித்துவிட்டு 'ஆவி' என்று எழுதினாள்.

கடைசி வேலை நாளில் அவளை மூன்றாவது மாடிக்கு, பணியாளர் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். ஒரு தாளை நகர்த்தி, கையெழுத்துப் போடும் இடத்தை நகத்தால் காட்டினாள். வேலையை விட்டுப் போவதற்கான காரணம் என்று தாளில் ஐந்து கட்டம் இருந்தது. அதில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்ற கட்டத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்தது.

இது தப்பு என்றாள் அவள். அது வெறும் சம்பிரதாயம், எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறோம், அப்படிப் போட்டால்தான் எல்லாருக்கும் வசதி என்று பெண் இனிமையாகச் சொன்னாள். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று இவள் கேட்டாள். பெண் தாளை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இவள் பேனாவை எடுத்துக் குறியை அடித்துவிட்டு, 'பிரிவை மூடிவிட்டதால்' என்று கீழே எழுதினாள். அச்சடித்த தாளில் கிறுக்கக் கூடாது, இனி மேலதிகாரியைக் கேட்டு வேறு தாள்தான் எடுக்க வேண்டும் என்றபோது பெண்ணின் குரல் மாறியிருந்தது. எடுங்கள், உட்கார்ந்திருக்கிறேன் என்றாள் இவள். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மாடியில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

புதுத் தாள் வந்தது, அதில் அவள் எழுதிய காரணமே இருந்தது. கையெழுத்தோடு விரல் ரேகையும் வைக்க வேண்டும். கருவி அவளுடைய ரேகையை எடுக்க மறுத்தது. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்கள். சோப்பு நீரிலும் மருந்திலும் ஊறி ஊறி எல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. உங்கள் விரலில் ரேகையே இல்லையே என்று பெண் குற்றம் சொல்வதுபோலச் சொன்னாள். உங்கள் ஆஸ்பத்திரியில்தான் எங்கேயாவது கிடக்கும், தேடிப் பாருங்கள் என்று இவள் சொல்லி, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு எழுந்தாள்.

கீழே போனாள். இயந்திரங்களை அணைத்து பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். அந்த அறை சத்தமில்லாமல் இருந்து அவள் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரி மட்டும் காத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று கத்தரி தேய்த்தவர்கள். இருவருக்கும் பொதுவான பாஷை ஐம்பது வார்த்தைகூடத் தேறாது. அவள் இவளுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். தன் உள்ளங்கையையும் காட்டினாள். பிறகு இருவரும் அழுதார்கள். அதிகாரிகள் யாரும் இறங்கி வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் போனில் விழா அழைப்பிதழ் வந்திருந்தது. 'தாய்மண்ணின் அழைப்பை ஏற்று, சொந்த விருப்பத்தின் பேரில் நாடு திரும்பும் நம் அன்புச் செயலாளருக்குப் பிரிவு உபசார விழா.' அவள் இரண்டு தடவை படித்தாள். அதே வார்த்தை. ஆஸ்பத்திரிக்காரனும் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அதே வார்த்தை.

வாடகை மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். ஐந்து பேர் பேசினார்கள். தன் தொழிலை, சொந்தபந்தத்தை எல்லாம் விட்டுவிட்டு வந்து குடும்பத்தை இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் வைத்துக் காப்பாற்றியவர் என்றார் ஒருவர். உழைப்பின் மறுபெயர் என்றார் இன்னொருவர். அவள் கணவர் தலையைக் குனிந்து அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில்கூட அவர் கையைத் தூக்கி, அப்படி இல்லை என்று சொல்லவில்லை. சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று அவள் ஒவ்வொரு பேச்சு முடியும்போதும் பார்த்தாள். கடைசியில் ஒரு பெரிய கேடயத்தைக் கொடுத்தார்கள். அதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று மகள் காதோரம் கேட்டாள்.

அப்புறம் தலைவர் மைக்கைப் பிடித்தார். சாரின் வெற்றிக்குப் பின்னால் நிற்கும் அம்மா, சாரைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசுவார் என்றார். அவள் போனாள். மைக் உயரமாக இருந்தது. யாரும் வந்து இறக்கவில்லை. அவளே திருகி இறக்கினாள்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ரெண்டு வார்த்தைன்னு சொன்னாங்க. ஒண்ணு, நாங்க விருப்பப்பட்டுப் போகல. ரெண்டு, இங்க வேலையில இருந்தது நான். என் வேலை போயிடுச்சு, அதனால போறோம்."

யாரோ சிரித்தார்கள். அம்மா நகைச்சுவையாகப் பேசுகிறார் என்று தலைவர் எழுந்து சமாளிக்கப் பார்த்தார்.

"சிரிக்க ஒண்ணும் இல்லீங்க தலைவரே. உங்களுக்குக் குடல்வால் எடுத்தாங்களே, அந்தக் கத்தி என் மேசையிலதான் சுத்தமாச்சு. இந்த மண்டபத்துல வயித்தைக் கிழிச்சுத் தச்சவங்க, பிள்ளை எடுத்தவங்க எத்தனை பேர் இருக்கீங்க? ஒருத்தருக்காவது சீழ் பிடிச்சுதா?"

அவ்வளவுதான் பேசினாள். கணவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. யாரும் கைதட்டவில்லை. சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி, இதையெல்லாம் ஏன் முன்னாடியே சொல்லவில்லை அக்கா என்றாள். நீங்கள் யாரும் கேட்கவில்லையே என்றாள் இவள். தலைவரின் மனைவி ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், ஊருக்குப் போகிற நேரத்தில் நாலு பேர் முன்னால் வீட்டுக்காரரை இப்படி விட்டுக்கொடுக்கலாமா என்று புத்தி சொன்னாள். இவளுக்குக் கோபம் வந்தது. தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மகள்தான் காரை ஓட்டினாள். அவர் முன்சீட்டில் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று சிக்னல் தாண்டிய பிறகு பேசினார்.

"என்னை அசிங்கப்படுத்திட்டே."

"உங்களைப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன்."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஐந்து பேர் பேசும்போது உங்கள் வாய் எங்கே போனது என்று கேட்டாள். விடியற்காலை நாலரைக்கு நான் எழுந்து போன காலடிச் சத்தம் ஒரு நாளாவது உங்களுக்குக் கேட்டதா என்று கேட்டாள். அவர் மடியில் இருந்த கேடயத்தைத் திருப்பி வைத்துக்கொண்டார். மகள் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. டேப் எங்கே, கத்தரி எங்கே என்பதோடு சரி. திரைச்சீலைகள் இறங்கின, கட்டில் கழன்றது, லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. மகள் தன் விமானத்துக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அப்பாவையும் கட்டிக்கொண்டாள், ஆனால் சீக்கிரம் விட்டாள். அதை அவர் கவனித்தார்.

விமான நிலையத்தில் இவர்களுக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் வந்து உட்கார்ந்தார். மகன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம். பேச்சுத் துணை தேடுகிற ஆள்.

"லீவுல போறீங்களா சார்?"

"இல்லீங்க, ஒரேயடியா போறோம். இருபத்திரண்டு வருஷம்."

"அடேயப்பா. என்ன வேலை பார்த்தீங்க?"

அவள் கைப்பையின் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்தின் கதை வரப்போகிறது என்று நினைத்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் வேலை பார்க்கல. இவங்கதான் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நான் இவங்க கூட வந்தேன்."

மண்டபத்தில் எழுபது பேர் முன்னால் வராத வார்த்தை, பெயர் தெரியாத ஒருவர் முன்னால் வந்தது. அது அவளுக்குப் போதவில்லை. அங்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறார், இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் சொன்னார்.

நர்சா அம்மா என்று கேட்டபடி அந்த மனிதர் அவள் பக்கம் திரும்பினார். இல்லை என்றாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். ஆபரேஷன் முடிந்ததும் கருவித் தட்டுகள் சின்ன லிஃப்டில் கீழே வரும், கத்தரியை விரித்துக் கீல் இடுக்கைத் தேய்க்க வேண்டும், விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண வேண்டும், ஒரு ஊசி குறைந்தாலும் மேலே போகவிடக் கூடாது, நீலத் துணியில் மடித்து மேலே ஒட்டும் நாடா ஆவியில் வெந்ததும், சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாகக் கறுப்புக் கோடு காட்டும், அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும் என்று விமானத்தில் ஏறக் கூப்பிடும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவரும் முழங்கையை முட்டியில் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருந்தது.