மறக்காத உடம்பு

குழந்தை உண்டான பிறகு எடுத்த முதல் இரத்தச் சோதனையிலேயே எச்.ஐ.வி. இருப்பதாகக் காட்டுகிறது என்று நர்ஸ் தணிந்த குரலில் சொன்னாள். கேட்டவளுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. "அப்படித்தான் காட்டும் சிஸ்டர். எனக்கு அந்த நோய் இல்ல" என்றாள். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன், பக்கத்து நாற்காலியில் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

அவளுடைய அண்ணன் அந்த நோயில்தான் போனான். கடைசி நாட்களில் அவன் சாப்பிட்ட தட்டை அண்ணி தனியாக ஒதுக்கி வைத்தாள். இவள்தான் எடுத்துக் கழுவினாள். அவன் போன மறு வருஷம், அந்த நோய்க்கான புதிய தடுப்பூசி ஒன்றைச் சோதித்துப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டார்கள். வேலை பார்த்த ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு முடித்த கையோடு போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு ஒருநாள் கூப்பிட்டு, ஊசி யாரையும் காப்பாற்றவில்லை, ஆராய்ச்சியை நிறுத்திவிட்டோம் என்றார்கள். உங்கள் உடம்பு மட்டும் அந்த ஊசியை மறக்காமல் இருக்கலாம், சாதாரணச் சோதனையில் நோய் இருப்பதுபோலக் காட்டலாம் என்றும் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு வந்தாள். அப்புறம் கல்யாணம். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை நாக்கு நுனிவரை வந்தது.

இதையெல்லாம் அவள் யாருக்கோ நடந்ததுபோல நர்ஸிடம் ஒப்பித்தாள். நர்ஸ் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் செய்து விசாரித்தாள். ஊசி போட்டது உண்மைதான். கிருமியையே தேடிப் பார்க்கும் வேறு சோதனை எடுத்தால் தெளிவாகிவிடும், முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றாள். மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள்.

வராந்தா பெஞ்சில் அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அண்ணன் எதுல செத்தான்னும் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

"நுரையீரல்னு சொன்னியே."

"நுரையீரலும்தான்."

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எதிர்ச் சுவரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். யாருடைய வயிறோபோல இருந்தது.

"உன்ன நம்பறேன்" என்றான். கொஞ்சம் கழித்து, "இருந்தாலும் நானும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

"பாத்துக்கோங்க."

அவன் எழுந்து உள்ளே போனான். கதவு திறந்தே கிடந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, மேசைமேல் கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஊசி ஏறியது. இரத்தம் எடுத்தாயிற்று, கையைத் தளர விடுங்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். அவன் முஷ்டி மூடியபடியே இருந்தது.