டாக்டரம்மா குழாயை வெளியே எடுக்கும்வரை

குடல் பிரிவில் பயிற்சிக்கு வந்த டாக்டரம்மா, நோயாளியின் பெருங்குடலுக்குள் விட்ட கேமராக் குழாயை வெளியே இழுக்கத் தொடங்கினால், ஊரிலுள்ள கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிடும். முழுக்க எடுத்த பிறகுதான் மறுபடி ஓடும். முதல் தடவை ஆஸ்பத்திரியில் பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள். பஸ் கிளம்பவில்லை, பள்ளிக்கூட மணி அடிக்கவில்லை, ஆலையில் சங்கு ஊதவில்லை.

அவள் டாக்டருக்குப் படித்து, பொது மருத்துவம் படித்து, அதற்கும் மேலே வயிறு, குடல், ஈரல் என்று தனியாகப் படிக்க வந்தவள். "இவ்வளவு படிச்சது கடைசில அங்க எட்டிப் பாக்கத்தானாடி?" என்று அம்மா கேட்டதற்கு, "அங்கயும் யாராவது பாக்கணுமேம்மா" என்றாள். குழாய் உள்ளே போவது வழி தேடத்தான், மடிப்பு மடிப்பாகப் பார்ப்பதெல்லாம் திரும்பி வரும்போது என்று முதல் வருஷமே பெரிய டாக்டர் பாடம் நடத்தியிருந்தார். ஆனால் அவர் அறையில் மணிக்கு ஆறு பேரை முடித்தாக வேண்டும். விடுவார், விறுவிறுவென்று உருவுவார், சுத்தம் என்பார். அப்படிச் சுத்தமென்று அனுப்பப்பட்ட வாட்ச்மேன் ஒருவர் மறு வருஷம் புற்றோடு திரும்பி வந்து, அதே வார்டில் செத்துப்போனார். அதற்குப் பிறகு அவள் கை அவசரப்பட மறுத்துவிட்டது. கடிகாரங்கள் நிற்கத் தொடங்கியதும் அந்த வாரம்தான்.

பெரிய டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பயிற்சி முடியப்போகிற சமயம், ஒரு வெல்டர் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்க, அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வெளில கூட்டம் நிக்குதும்மா. உருவிட்டு அடுத்த ஆளக் கூப்பிடு."

"இந்த வளைவு இன்னும் பாக்கல சார். வரும்போதுதான் பாக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க."

"அது பரீட்சைக்கு."

"நான் இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் வெல்டர், பாதி மயக்கத்தில். பக்கத்தில் நின்ற சிஸ்டர் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணிக்கு ஆறு பேர் பாக்காத ஆளுக்கு நான் தேர்ச்சி குடுக்க மாட்டேன். இத்தன வருஷப் படிப்பும் தண்ணில போயிடும், பாத்துக்க."

அவள் குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மடிப்பை ஒதுக்கினாள். அதன் பின்னால் பயறளவில் தட்டையாக ஒரு சதை முளைத்திருந்தது. சிஸ்டர் அதை அறுத்தெடுக்கும் சுருக்குக் கம்பியை எடுத்து நீட்டினாள். பெரிய டாக்டர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"சரி, எடு. ஆனாலும் மணிக்கு ஆறுதான்."

"மணி ஓடினாத்தானே சார்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் மணிக்கட்டைப் பார்த்தார்; இரண்டிலும் முள் நின்றிருந்தது. எந்தக் கணக்கைக் கொண்டு அவளைப் பெயிலாக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. தேர்ச்சி கொடுத்துவிட்டார்.

ஆலைத் தொழிலாளிகள்தான் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். சங்கு ஊதினால்தானே வீட்டுக்குப் போக முடியும். பிறகு, கடிகாரத்தில் ஏறாத நேரத்துக்கு வேலையும் கிடையாது என்று அவர்களே முடிவு கட்டினார்கள். இப்போதெல்லாம் முள் நின்றதும் இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். மேஸ்திரி வந்து முறைத்தால், "நம்மாளு எவனோ ஆஸ்பத்திரில படுத்திருக்கான், நிதானமா பாத்து முடிக்கட்டும்" என்கிறார்கள். மேஸ்திரியும் கொஞ்சம் முறைத்துவிட்டு, சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு, அவர்கள் பக்கத்திலேயே இடம் பார்த்து உட்காருகிறார்.