நெவிலைக் கேட்டு வந்த போன்

1
இந்தக் கதை ஒரு கறிப்பாத்திரத்தில் தொடங்கியது. பக்கத்துப் பண்ணை கிளெனிஸுக்குக் குடல் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஆஸ்திரேலியாவில் எங்கள் கிப்ஸ்லாந்துப் பக்கத்து வழக்கப்படி, அடியில் என் பெயர் ஒட்டிய பாத்திரத்தில் ஆட்டுக்கறி சமைத்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவள் கணவர் நெவில் அதைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நேத்து ரெண்டு வாய் சூப் குடிச்சா," என்றார்.

நான் கேட்டது அவரைப் பற்றி.

2
இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம்: 'நெவில் ஒரு பாறையைப் போல—' அடச்சீ. பாறை எங்காவது பாத்திரம் கழுவித் துடைத்துக் கொண்டுவருமா? அடித்துவிட்டேன்.

மனுஷன் விடியுமுன்னே மாடு கறக்கிறார். பிறகு மாத்திரை, வாந்திக் கிண்ணம், துணி துவைப்பு. தூக்கம் என்பதே இல்லை. போன வாரம் டிராக்டர் ஓட்டியபடியே கண்ணயர்ந்து வேலியில் ஏற்றிவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. (எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அது என் வேலி.)

3
வியாழக்கிழமைகளில் ஆஸ்பத்திரி மனநல ஆலோசகர் ரொசான்னா நெவிலைப் போனில் கூப்பிடுவாள். உங்களோடுதான் பேச வேண்டும் என்பாள். எனக்கென்ன கேடு என்று சிரித்து, போனைக் கிளெனிஸிடம் கொடுத்துவிடுவார் நெவில். நோய் அவளுக்கு என்றால் போனும் அவளுக்குத்தானே! ரொசான்னாவின் இத்தனை பொறுமையை, எழுதுகிற எனக்கே முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் அவள் விடாமல் கூப்பிடுகிறாள்.

4
கதைக்கு நான் யோசித்த ஒரு முடிவு: நெவில் வாய்விட்டு அழுகிறார், எல்லாம் சரியாகிவிடுகிறது. சுத்தப் பொய்.

இன்னொன்று: டிராக்டர் மறுபடியும்... மாட்டேன், எழுத மாட்டேன். அந்த மனுஷன் எனக்கு வேண்டும்.

மூன்றாவது இது. இந்த வியாழனும் போன் அடித்தது. நெவில் வழக்கம்போல நீட்டினார். கிளெனிஸ் வாங்கவில்லை.

"அது எனக்கில்ல, நெவ். அவங்ககிட்ட உன் பேரைக் குடுத்ததே நான்தான்."

"எனக்கு என்ன சீக்கு?"

"ஜன்னல்ல இருந்து பாத்தா அந்த உடைஞ்ச வேலி தெரியுது."

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்தாள். தாங்கப் போனவரைக் கையால் தடுத்தாள். வராந்தாவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் காதில் விழக் கூடாது என்றே அவர் இத்தனை நாள் பேசாமல் இருந்தார் என்று அவளுக்குத் தெரியும்.

"நெவில், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றாள் போனில் ரொசான்னா.

"அவ இன்னிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வரியை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் பேசியது நான்தான், அவர் இல்லை. நீங்கள் யாரையாவது இப்படிக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் என்றால், அந்த வரி உங்களிடம் இருக்கும். அவசரமில்லை. அவர் இன்னும் போனை வைக்கவில்லை.