பிள்ளையாருக்கு ஒரு மெமரி காட்

உருத்திரபுரத்து வாய்க்கால்கரைப் பிள்ளையார் கோயிலுக்கு யாராவது ஒரு ரியூப் லைற் கொடுத்தால், கொடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பெயர் எல்லாம் எழுதி முடிய, வெளிச்சம் வருவதற்கு ஒரு விரல்கடை இடந்தான் மிஞ்சும். விசிறி கொடுத்த ஒருவர், சுற்றினால் தன் பெயரை வாசிக்க முடியாதென்று அதைப் போடவே விடுவதில்லை. அப்படிப்பட்ட கோயிலுக்கு நேசமலர் கொடுத்த உபயம் நகத்தளவு மெமரி காட். அதில் எங்கே போய்ப் பெயர் எழுதுவது?

அதற்கும் அவள் வழி கண்டாள். மகன் நிருஷனுக்குக் கிளிநொச்சியில் அரசாங்க வேலை கிடைத்தால் கோயில் அம்பிளிபயருக்குப் பக்திப் பாட்டு நிறைத்துத் தருவதாக நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்தது. புதுக் காட் என்று நேர்த்தியில் சொல்லாதபடியால், தன் பழைய போனில் கிடந்த காட்டைக் கழற்றி, கிளிநொச்சி ரவுணில் போன் திருத்துகிற சாருஜனிடம் கொடுத்துப் பாட்டுகளை ஏற்றுவித்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், இது தவராசா நேசமலர் குடும்பத்தின் உபயம் என்று தன் சொந்தக் குரலிலேயே பேசிப் பதிந்தாள். ஐயர் அதைத் தட்டில் வைத்து அர்ச்சனை செய்து அம்பிளிபயரில் செருகினார். அன்று தொடக்கம் ஊர் அவள் குரலில்தான் கண்விழித்தது.

அவள் மறந்துபோன சங்கதி ஒன்று இருந்தது. வவுனியாவில் இருக்கிற தங்கை பிரேமிளாவோடு அவள் தினமும் போனில் கதைப்பாள். நீ சொன்னாய், நான் சொல்லவில்லை என்று இருவருக்கும் அடிக்கடி சண்டை வருவதால், கதைப்பதெல்லாம் தானாகப் பதிவாகும்படி போனில் செய்வித்து வைத்திருந்தாள். பதிந்ததெல்லாம் ஒன்றுவிடாமல் அந்தக் காட்டுக்குள்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

சில கிழமைகளுக்குப் பாட்டுகள் ஒழுங்காகக் கேட்டன. பிறகு ஒரு விடியற்காலை பிள்ளையார் பாட்டு நடுவில் கரகரத்து, விக்கி, நின்றது. அடுத்த பாட்டும் அப்படியே. பழுதான பாட்டுகளையெல்லாம் தாண்டித் தாண்டிப் போன அம்பிளிபயர், கடைசியில் பழுதில்லாத ஒன்றைக் கண்டுபிடித்தது. ஐயர் ஒரு கையால் மணி ஆட்டி மற்றக் கையால் போன் பார்க்கிறார், மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டுத்தான் பொங்கலை விழுங்கத் தொடங்குகிறார் என்று நேசமலரின் குரல் வயல்வெளி முழுக்கக் கேட்டது. ஐயர் மூலஸ்தானத்திலிருந்து ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். பிடுங்கும்போதும் ஒரு கையில் போன் இருந்ததாகக் கண்டவர்கள் சொன்னார்கள்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற நேசமலர் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள். புருசன் தவராசா அசையவில்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டுத் தான் தனியே கேட்டு வந்ததை இனி ஊரும் பங்குபோட்டுக் கேட்கட்டும் என்று ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தார்.

ஐயரை அவள் சமாளித்துவிடுவாள். ஒரு சீப்பு வாழைப்பழத்தில் அடங்குகிற கோபம் அவருடையது. அவள் பயந்தது வேறொன்றுக்கு. நிருஷன் அழகம்மாவின் மகள் தனுஷாவை விரும்பினான். அழகம்மா வீட்டார் கலவரக் காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தப்பி வந்து வாய்க்காலின் கடைசிப் பக்கம் குடியேறியவர்கள். நேசமலர் வீட்டார் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வயற்காணி கிடைத்து வந்தவர்கள். இரண்டு பகுதியும் ஒரே தண்ணியில் விதைத்து, ஒரே பங்கருக்குள் பதுங்கி, ஒரே முகாமில் வரிசையில் நின்று கஞ்சி வாங்கியவர்கள்தான். ஆனாலும் கலியாணம் என்று வந்தால் மட்டும் இந்தப் பக்கத்துக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வந்துவிடும்.

நேசமலர் சம்மதித்தாள். சம்மதித்ததோடு நிற்காமல், தனக்கு உந்த வேறுபாடெல்லாம் இல்லையென்று சங்கக்கடையிலும் மாதர் சங்கத்திலும் சொல்லித் திரிந்து, பெரிய மனசுக்காரி என்று பெயரும் எடுத்தாள். சம்மதித்த அன்று பின்னேரம் பிரேமிளாவிடம் அவள் சொன்னது வேறு. அதுவும் அந்தக் காட்டுக்குள் இருந்தது. அது ஒலிபெருக்கியில் வந்தால் மகனுடைய கலியாணம் குழம்பும்.

பாட்டுகளைச் சரிபார்த்துத் தருவதாகச் சொல்லி, அன்றே காட்டை வாங்கி வந்தாள். மகனிடம் கொடுத்தால் அவன் கேட்டுவிடுவான் என்று தானே போனில் போட்டு, பதிந்த கதைகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து அழித்தாள். அழிந்துவிட்டதாகப் போன் சத்தியம் பண்ணியது. பிள்ளையாருக்கு மனதுக்குள் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் கோயில் தலைவர் கதிர்காமநாதனின் முறை. அவர் தலைமயிருக்குப் பூசுகிற மை வேர்வையில் கரைந்து திருநீற்றுக் குறிக்கு மேலால் ஓடுகிறதாம். திருவிழாவில் தேரில் ஏறப்போவது தானா அவரா என்று பிள்ளையாருக்கே சந்தேகமாம். மதிலடியில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

நேசமலர் காட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே சாருஜனிடம் ஓடினாள். அவன் அதைக் கணினியில் போட்டு முழுவதையும் துடைத்தான். காட் வெறுமையாகக் கிடந்தது. கழற்றித் திரும்பச் செருகினான். ஐயர், தலைவர், பிரேமிளா எல்லாரும் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து குந்தியிருந்தார்கள். வேறு வழியிலும் துடைத்துப் பார்த்தான். திரும்பவும் வந்தார்கள்.

"அன்ரி, இது சாகப்போற காட். சாகேக்க தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்," என்றான் சாருஜன். "வாசிக்க விடும், எழுதவும் விடாது, அழிக்கவும் விடாது. அழிஞ்ச மாதிரிக் காட்டிறதெல்லாம் பேய்க்காட்டல். கடைசியா இதில எழுதுப்பட்டது உங்கட உபயந்தான்."

உடைத்து எறியச் சொன்னான். நேசமலர் பதறிப்போனாள். அர்ச்சனை செய்த சாமானை உடைத்தால், அதற்காகக் கிடைத்த வேலையைப் பிள்ளையார் திருப்பிக் கேட்கமாட்டாரா? புதுக் காட் ஒன்றை வாங்கி, நல்ல பாட்டுகளை மட்டும் ஏற்றுவித்து, பழையதையும் புதியதையும் கொண்டுபோய் ஐயர், தலைவர் இருவர் முன்னாலும் நீட்டினாள். பழையதைத் தான் எடுத்துக்கொள்வதாகக் கெஞ்சினாள்.

ஐயருக்கும் தலைவருக்கும் கோயில் கணக்கில் பகை. முகத்துக்கு முகம் பார்ப்பதில்லை. அன்று இருவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். சாமிக்குக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது, புதியதையும் தரலாம், அடுத்த திருவிழாவுக்கு வைக்கலாம், பழையது அதுபாட்டுக்குப் பாடட்டும் என்றார்கள். தங்களுக்கு விழுந்தது மற்றவர்களுக்கும் விழவேண்டும் என்பதில் இருவருக்கும் அப்படியொரு பக்தி. அதோடு, திருவிழாவுக்கும் எட்டிப்பார்க்காத சனம் இப்போது விடியமுன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து கூடுகிறது. கோயில் வளர்கிறது என்று தலைவர் பெருமைப்பட்டார்.

அம்பிளிபயர் பதிந்த வரிசைப்படியே போய்க்கொண்டிருந்ததால், அடுத்தது எந்தக் கதை என்று நேசமலருக்குத் தெரியும். விடியமுன் தோய்ந்து, ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனாள். அழகம்மா வழமைபோல மண்டபத்தில் இருந்து பிள்ளையாருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். நேசமலரைக் கண்டதும் வாய் நிறையச் சிரித்தாள். நேசமலர் தூணோடு ஒதுங்கி நின்று, இன்றைக்கு மட்டும் ஒரு பாட்டையாவது திருத்தமாகப் பாடு அப்பனே என்று கும்பிட்டாள். ஐயர் வயரைக் கொழுவினார்.

"என்ன செய்யிறது பிரேமிளா, பெடியன் ஒற்றைக் காலில நிக்கிறான்," என்றது ஒலிபெருக்கி. "ஊருக்கு முன்னால பெரிய மனசுக்காரி மாதிரிச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். அவள் அழகம்மா வந்து இருந்திட்டுப் போனாப்பிறகு, கதிரையைக் கிணத்தடியில வைச்சுக் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்கு எடுத்தனான்."

சிரிக்கவென்று வாயைத் திறந்து வைத்திருந்தவர்கள் மூடிக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே ஐயர் வயரைப் பிடுங்கினார். தலைவர் தன் சால்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். அழகம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. எடுத்த பூவைக் கட்டி முடித்து, அடுத்ததை எடுத்தாள்.

நேசமலருக்கு அழுகை வந்தது. வெட்கமும் பயமும் சேர்ந்த அழுகை. போன் ஏதோ பிழையாகப் பதிந்துவிட்டதென்று தொடங்கினாள்.

"பிழையாப் பதியலம்மா. நல்லாத் தெளிவாத்தான் கேட்டிச்சு," என்றாள் அழகம்மா.

கலியாணத்தைக் குழப்பவேண்டாம், பிள்ளைகள் பாவம், நான்தான் அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டேனே என்று நேசமலர் தூணைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"நீங்க சம்மதிச்சீங்க, ஊரே பாராட்டுச்சு," அழகம்மா மாலையின் கடைசி முடிச்சைப் போட்டாள். "எங்களுக்குச் சம்மதமான்னு ஒருத்தரும் கேட்கல. இப்ப நாங்க யோசிக்கணும். மைக்குல சொல்லமாட்டோம், வீட்டுக்கு வந்து சொல்றோம்."

மாலையை ஐயரிடம் கொடுத்து, கும்பிட்டுவிட்டு, அவள் வாய்க்கால் வரம்பால் நடந்தாள். நேசமலர் அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலும் வேண்டாமென்று சொல்லக்கூடிய ஒரு வாய் இருக்கிறதென்பது, சத்தியமாக, அதுவரைக்கும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டு முற்றத்தில் நிருஷன் வேலைக்கு வெளிக்கிட்டு மோட்டார் சைக்கிளருகில் நின்றான். ஒலிபெருக்கி அவனுக்கும் கேட்டுத்தான் இருந்தது.

"யோசிச்சுச் சொல்லுகினமாம் தம்பி," என்றாள்.

அவன் ஹெல்மெட்டைப் போட்டு வாரை இறுக்கினான்.

"நானெண்டாலும் யோசிப்பன் அம்மா."